பதினோரு பேர் போன பஸ்

கரிமட்டத்தில் பஸ் இராத்தங்கும் என்று சொன்னால் கோயமுத்தூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் ரோட்டில் நடுவட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பிரிவு உண்டு. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் மேலே ஏறினால் கரிமட்டம். நூற்று நாற்பது வீடு, ஒரு ரேஷன் கடை, ஒரு மாரியம்மன், ஒரு அந்தோணியார் கெபி, அதற்கும் மேலே சோலைக்காடு. சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிற பஸ் ரேஷன் கடை முன்னால் நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் பின்னாலிருக்கும் தகர அறையில் படுத்து எழுந்து காலை ஆறேகாலுக்கு வண்டியை எடுத்து, நடுவட்டம் போய்த் திரும்பி ஊட்டிக்கு விடுவார்கள். ஹால்ட் வண்டி என்று அதற்குப் பெயர். ஊரிலிருந்து வெளியே போக அது ஒன்றுதான்.

வேலாமணிக்கு அந்த வண்டி வேறு கணக்கு. அவள் புருஷன் அழகர்சாமிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் ஊட்டி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்பதரைக்குப் படுக்கை. ஒரு நாள் தப்பினால் கால் வீங்கும், இரண்டு நாள் தப்பினால் மூச்சு இரைக்கும், மூன்றாவது நாளைப் பற்றி டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எஸ்டேட்டில் முப்பது வருடம் தேயிலைச் செடி வெட்டக் கவாத்துக் கத்தி பிடித்த ஆள், இப்போது ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரில் வாழ்ந்துகொண்டிருந்தான். உருளைக்கிழங்கு விளைகிற மலையில் பிறந்தவனுக்கு உருளைக்கிழங்கு ஆகாது என்று ஆகிவிட்டது. ஆசைப்பட்டு அவன் கேட்கிற நாளில் மட்டும் அவள் கிழங்கைப் பொடியாக நறுக்கி, முழு நாளும் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டி, உப்பில்லாமல் வேகவைத்து நாலு துண்டு கொடுப்பாள். அவன் அதைத் தின்கிற அழகைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வரும். யார்மேல் என்று தெரியாத கோபம்.

அவள் கோபக்காரிதான். எஸ்டேட் லைன் வீடுகளில் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். குழாயடிச் சண்டை என்றாலும் சரி, கங்காணி எடையில் கை வைத்தாலும் சரி, முதல் குரல் வேலாமணியுடையது. அவள் சொன்னால் ஊர் கேட்கும். அந்தப் பெருமைதான் கடைசியில் வினையாக முடிந்தது.

கரிமட்டத்துக்காரர்கள் பகலில் எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பார்கள். நாலரைக்கு மேல் சொந்தமாக இருக்கிற கால் ஏக்கர், அரை ஏக்கரில் எடுப்பார்கள். எஸ்டேட் இலைக்கு டிராக்டர் வரும், இவர்கள் இலைக்கு யார் வருவார்கள்? மூட்டையில் ஒரு பகல் கிடந்தால் இலை வெந்து சிவந்துவிடும், எந்த ஃபேக்டரியும் தொடாது. ஆகவே இலை மூட்டைகள் காலையில் ஹால்ட் வண்டியில் ஏறி நடுவட்டத்துக் கொட்டகையில் இறங்கும். பயணிகள் வண்டியில் அப்படி மூட்டை ஏற்றக் கூடாதுதான். ஆனால் டிரைவர் டக்ளஸ், பின்னாலிருந்த நீளமான சீட்டையே கழற்றித் தகர அறையில் சாத்தி வைத்துவிட்டார். அந்த இடத்தில் நாற்பது மூட்டை நிற்கும். மூட்டைமேல் ஆள் உட்காரும். படியில் எட்டுப் பேர் தொங்குவார்கள். ஐம்பத்தைந்து பேர் போகிற வண்டியில் தினம் நூறு பேர் போனார்கள். கண்டக்டர் மனுவேல் கூட்டத்துக்குள் பாம்புபோல நெளிந்து எல்லோருக்கும் டிக்கெட் கிழித்தார், மூட்டையைப் பார்க்காத மாதிரி இருந்தார். அதற்கு ஊர் அவருக்குச் சோறு போட்டது. வேறெதுவும் அவர் கேட்டதில்லை.

அருவங்காட்டுக்காரர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், இரண்டு பெண் பிள்ளைகள். வேலாமணியை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பிப்ரவரியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், வண்டியை விட்டு இறங்கியவர் நேராக வேலாமணி வீட்டு வாசலுக்கு வந்தார். முகம் சரியில்லை.

“என்னுங் தம்பி, ஒரு மாதிரி இருக்கறீங்க?”

“நாளைக்குக் காலைல வண்டில ரெண்டு பேரு ஏறுவாங்களாம் அக்கா. பேப்பரு, பேனாவோட. டிப்போவுல சொல்லி அனுப்பினாங்க. ஒத்துழைப்புக் குடுக்கணுமாம்.”

“செக்கிங்கா?”

“பின்ன என்ன? போன மாசம் கோத்தகிரிப் பக்கம் ஒருத்தன இதே மாதிரி பேப்பர வச்சுத்தான் தூக்குனாங்க. நாலு மூட்டை கேரட்டுக்கு. இங்க நாப்பது மூட்டை. சீட்டையே காணோம். என்ன பண்றதுன்னே தெரியலீங்க.”

வேலாமணி அடுப்பிலிருந்த களிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“நீங்க உக்காந்து சாப்பிடுங்க. நான் பாத்துக்கறேன்.”

ஒரு மணி நேரத்தில் மூன்று லைனையும் சுற்றி வந்துவிட்டாள். சொன்னது ரொம்பச் சுருக்கம். “நாளைக்கு ஒரு மூட்டைகூட வண்டில ஏறப்புடாது. தலைல வச்சு நடங்க. நடக்க முடிஞ்சவங்க அத்தன பேரும் நடக்கோணும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பெரிசுகளும் நடக்கட்டும். ஒடம்புக்கு முடியாதவங்க மட்டும் வண்டில போங்க. மனுவேலு நம்மனால கெட்டான்னு இருக்கப்புடாது.” யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆண்கள் நான்கு பேர் போய் நீளமான சீட்டைத் தூக்கிவந்து டக்ளஸோடு சேர்ந்து முடுக்கினார்கள். பெண்கள் வண்டிக்குள் சிதறிக்கிடந்த இலையைப் பெருக்கி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கல்யாண வண்டி மாதிரி ஆயிற்று.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வேலாமணியும் அழகர்சாமியும் ஏறினார்கள். முழங்கால் வலிக்காரர்கள், ஒரு பிள்ளைத்தாய்ச்சி, காய்ச்சல்காரன் என்று மொத்தம் பதினோரு பேர். விடியுமுன் ஜீப்பில் பேப்பரோடு வந்து இறங்கியது ஒரு பையனும் ஒரு பெண்ணும். சென்னைப் பக்கத்துப் பிள்ளைகள், குளிரில் மூக்கு சிவந்திருந்தது. பார்த்தால் செக்கிங் ஆட்கள் மாதிரி இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

வண்டி இறங்க ஆரம்பித்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குறுக்குப் பாதையில், மூடுபனிக்குள், தலையில் மூட்டையோடு ஊரே போய்க்கொண்டிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்தார்கள். மூட்டையோடு, பள்ளிக்கூடப் பையோடு, தொண்ணூறு பேர். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனுவேல் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டார்.

அந்தப் பெண் பேப்பரோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“ஆன்ட்டி, இந்த பஸ் எப்பவும் இப்படித்தான் ஃப்ரீயா இருக்குமா?”

“எப்பவும் இப்படித்தானுங் அம்மிணி,” என்றாள் வேலாமணி. “காத்தாட போலாம்.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டது.

நான்கு மாதம் கழித்து எஸ்டேட் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆபீஸ் கிளார்க் லெஸ்லி அதைப் படித்துப் படித்து, படிக்காத மாதிரி இரண்டு நாள் இருந்தார். பிறகு எடை போடுகிற இடத்தில் வேலாமணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், மசினகுடி எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே போக்குவரத்துத் திட்டம் போடறாங்க வேலாமணி. காரு நிறுத்த மாடி கட்டறாங்க. டூரிஸ்டுக்குச் சுத்துப் பஸ் விடறாங்க. மசினகுடி ரிசார்ட்டுல ஏத்திக் கூடலூரு, நடுவட்டம் வழியா ஊட்டி. அதுக்கு வண்டி வேணுமில்ல? ஆளில்லாத ரூட்டுல இருந்து எடுக்கறாங்க.”

“எடுக்கட்டுமுங்க. ஆளில்லாத வண்டிய வச்சுட்டு என்ன பண்றது?”

லெஸ்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆளில்லாத ரூட்டுன்னு போட்டிருக்கறது நம்ம ரூட்டம்மா. சராசரி பதினொண்ணு பேராம். பிப்ரவரில எண்ணினாங்களாம்.”

வேலாமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கூடையைக் கீழே போட்டாள். செக்கிங் என்று பயந்து ஊரை நடக்கவைத்த நாளில், வண்டியில் எத்தனை பேர் போகிறார்கள், அதை வைக்கலாமா எடுக்கலாமா என்று எண்ணிப் பார்க்கத்தான் அந்தப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். எப்பவும் இப்படித்தான் என்று சொன்னது அவள் வாய். அந்த வாயை அவளே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

“அதுங்க வந்தது எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கப்புடாதுங்களா? எங்ககிட்ட கேக்காம எங்கள எண்றதுக்கு இவங்க யாருங்க?” என்று லெஸ்லியைப் பார்த்துக் கத்தினாள். பாவம், அவர் என்ன செய்வார்? ஊட்டியில் கருத்துக் கேட்கிற கூட்டம் ஒன்று நடக்கிறது, போய்ப் பேசு என்று தேதியைச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மனுவேலிடம் சொன்னாள். அவர் சோற்றுத் தட்டை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். வெளியே தென்மேற்கு மழை தகரத்தின்மேல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“போய்ச் சொல்லுங்க அக்கா. நடந்தோம், அதான் ஆளு இல்லேன்னு சொல்லுங்க. எதுக்கு நடந்தீங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க. சின்னவ இப்பத்தான் பன்னெண்டாவது.”

“என்ற தலையே போனாலும் சொல்ல மாட்டனுங் தம்பி.”

உள்ளே படுத்திருந்த அழகர்சாமி இருமினான். “எதுக்கு வேலா அவரப் போட்டு இம்சை பண்ற? நம்ம பொழப்பு எப்பவும் உள்ளதுதான்.”

“நீங்க சும்மா படுங்க. உங்க செவ்வாக்கெழமையத்தான் அவனுக புடுங்கறானுக,” என்றாள்.

கூட்டம் பெரிய மண்டபத்தில் நடந்தது. மேடையில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். படத்தில் ஊட்டி ஊட்டியாகவே இல்லை. கண்ணாடி வைத்த பஸ், சிரித்துக்கொண்டு இறங்கும் குடும்பம், பூந்தொட்டி. ஓட்டல் முதலாளிகள் எழுந்து எழுந்து பேசினார்கள். சீசனில் கார் நிற்க இடமில்லை என்று ஒருவர் அழாத குறையாகச் சொன்னார். மேடையிலிருந்த திட்ட அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவருக்கு முன்னால் ஒரு நோட்டு, அதன்மேல் மூடி கழற்றாத ஒரு பேனா. மூன்று மணி நேரம் காத்திருந்தபின் வேலாமணியின் கைக்கு மைக் வந்தது. பக்கத்து நாற்காலியில் அழகர்சாமி சால்வைக்குள் சுருண்டிருந்தான்.

“கரிமட்டமுங்க. எங்க ஹால்ட் வண்டிய எடுக்கப்புடாதுங்க. இவரு என்ற ஊட்டுக்காரரு. வாரத்துல ரெண்டு நாளு ரத்தம் மாத்தலேன்னா இவரு இல்லீங்க.”

“புரியுதும்மா. ஆனா உங்க ரூட்டுல பதினொண்ணு பேர்தானே போறீங்க?”

“நூறு பேரு போறமுங்க. நீங்க எண்ணுன அன்னிக்கு மட்டும் நாங்க நடந்துட்டமுங்க. தொண்ணூறு பேரு.”

“வண்டி இருக்கும்போது ஏம்மா நடந்தீங்க?”

அவள் இதற்குத் தயாராக வந்திருந்தாள். “ரோட்டுல காட்டுமாடு நின்னுதுங்க.”

“காட்டுமாடு நின்னா பஸ்ஸுலதானே ஏறுவாங்க? எறங்கி நடப்பாங்களா?”

மண்டபம் சிரித்தது. மேடை சிரித்தது. கார் நிறுத்த இடமில்லாமல் அழுத ஓட்டல்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அழகர்சாமி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான், உட்கார் என்று. சால்வைக்கு வெளியே தெரிந்த அவன் கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் பொய்க்காரி என்று ஆகி, அந்தப் பொய்யாலேயே வண்டியும் போகப்போகிறது. வாயில் வந்தது வெளியே வந்துவிட்டது.

“பொய்தானுங்க சொன்னேன். செக்கிங்குன்னு பயந்து நடந்தமுங்க. தெனமும் எங்க இலை மூட்டை அந்த வண்டிலதான் போகுது. அது தெரிஞ்சா கண்டக்டருக்கு வேலை போயிருமுன்னு மூட்டையத் தலைல வச்சு ஊரே நடந்தமுங்க. செடிக்குள்ள ஒளிஞ்சு உக்காந்தமுங்க. போதுங்களா?”

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“எத்தனை மூட்டை?”

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. “ஒண்ணு ரெண்டுங்க.”

“கண்டக்டர் பேரு?”

“பேரு எதுக்குங்க? நான் பஸ்ஸக் கேக்க வந்தேன்.”

அவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து கேட்டார். பக்கத்திலிருந்தவர் ஒரு காகிதத்தைப் புரட்டிப் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டார்.

“சரிம்மா, உக்காருங்க.”

“வண்டி?”

“எண்ணி முடிச்சு அறிக்கை போயிருச்சும்மா. இனி அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் அடுத்த ஆய்வு.”

“நான் சொன்னத நம்பலீங்களா?”

“நம்பாம இல்ல.”

“மூட்டை ஏத்துனோமுன்னு சொன்னதும் நம்பி எழுதிக்கிட்டீங்க. அதே வாயிதானுங்க தொண்ணூறு பேருன்னும் சொல்லுச்சு. அத ஏனுங்க எழுதல? எங்காளு தப்புன்னா ஒடனே எழுதுவீங்க, எங்காளு இருக்கோமுன்னு சொன்னா எழுத மாட்டீங்களா? உங்க பேனாவுக்கு ஒரு பக்கந்தான் மை இருக்குதா?”

யாரோ வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள். முரட்டுத்தனமாக எல்லாம் வாங்கவில்லை, மரியாதையாகத்தான் வாங்கினார்கள். அடுத்தவர் எழுந்து படகு இல்லத்துப் பக்கம் கழிப்பறை வேண்டும் என்றார். அதிகாரி தலையை ஆட்டினார்.

பத்து நாளில் மனுவேலுக்கு சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. டக்ளஸை மெமோ கொடுத்துச் சுத்துப் பஸ்ஸுக்கு மாற்றினார்கள். கடைசியாக வண்டியோடு வந்த அன்று மனுவேல் தகர அறையிலிருந்த தன் தட்டு, போர்வை, மாதா படம் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டார். வேலாமணி வாசலில் போய் நின்றாள். அழுது காலில் விழுவாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவள் மரம்போல நின்றாள்.

“காட்டுமாட்டோட நிறுத்தியிருக்கலாமுங் அக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார்.

ஜூலை முதல் தேதியிலிருந்து பஸ் இல்லை. இலை மூட்டைகள் இரண்டு நாள் வெந்து நாறின. பள்ளிக்கூடத்துக்குப் பாதிப் பிள்ளைகள் போகவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு கற்பூரமரக் கழிகளைக் கட்டி அழகர்சாமியை உட்காரவைத்துத் தூக்கினார்கள். நாலு பேர் தூக்க, நாலு பேர் மாற்றுக்கு நடந்தார்கள். மழையும் காற்றும் முகத்தில் அடித்தன. குறுக்குப் பாதையில் அட்டை ஏறியது. உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலாமணி முன்னால் போனாள். அழகர்சாமி, என்னை இறக்கிவிடுங்கப்பா, எனக்கே வெட்கமாயிருக்கு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள்.

பிரிவுக்கு வந்தபோது மணி ஏழேமுக்கால். அங்கே, சாத்தியிருந்த டீக்கடையின் ஓரத்தில், லுங்கியும் மழைக்கோட்டுமாக மனுவேல் நின்றுகொண்டிருந்தார். காக்கி இல்லாமல் அவரை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. அருவங்காட்டிலிருந்து இருட்டோடு கிளம்பியிருக்க வேண்டும். வேலாமணியை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அழகர்சாமியின் நாற்காலி நனையாமல் சார்ப்புக்குக் கீழே நகர்த்தி வைத்தார்.

கூடலூரிலிருந்து வந்த பஸ் ஒன்று படிவரை நிரம்பி, கையைக் காட்டக் காட்ட நிற்காமல் போயிற்று. அடுத்ததும் அப்படியே. சேற்றுத் தண்ணீர் எல்லோர்மேலும் அடித்தது. மணி எட்டைத் தாண்டியது. வேலாமணி போன வண்டியின் பின்னால் ஓடி மண்ணை வாரி இறைத்தாள். அவள் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது.

பிறகு பனிக்குள்ளிருந்து சுத்துப் பஸ் வந்தது. பெரிய கண்ணாடி, மஞ்சள் விளக்கு, பக்கவாட்டில் யானைப் படம். மனுவேல் நடந்துபோய் ரோட்டின் நட்டநடுவில் நின்றார். கையைக்கூடத் தூக்கவில்லை. பிரேக் அலறி, அவர் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. டக்ளஸ் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“யோவ் மனுவேலு! செத்துக்கித்துப் போகப் பாத்தியா?”

“ஆள ஏத்தணும்.”

“இது எங்கயும் நிக்கப்புடாதுப்பா. உள்ள கேமரா இருக்குது. எனக்கு வேலை போயிரும்.”

“எனக்குப் போயிருச்சு. கதவத் தொற.”

வைப்பர் மூன்று தடவை போய் வந்தது. பிறகு கதவு திறந்தது.

நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். உள்ளே கம்பளிக் குல்லா போட்ட குடும்பங்கள் கால்களை இழுத்துக்கொண்டன. புதிதாக வந்த கண்டக்டர் டிக்கெட் மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

“இந்த எடம் இதுல இல்லீங்களேம்மா. எப்படி டிக்கெட் போடறது?”

“உன்ற மெஷின்ல இல்லேன்னா நாங்க இல்லாம போயிருவோமா?” என்றாள் வேலாமணி. “எங்க இருந்து வேணா போடு. ஏறுனது ஏறுனதுதான்.”

படியில் நின்றபடி திரும்பினாள். மனுவேல் இன்னும் ரோட்டின் நடுவில்தான் நின்றார். மழை கோட்டிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

“தம்பி...”

“வெள்ளிக்கெழமையும் வந்து நிப்பேன்,” என்றார் அவர். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். “அதுக்காக உங்க மேல இருக்கற கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க.”

“நெனைக்க மாட்டனுங் தம்பி.”

டக்ளஸ் கதவை மூடினார். வண்டி ஊட்டியைப் பார்த்து ஏறத் தொடங்கியது.